மீதியை வகுப்பில் பேசுவோம்

என் மேசை இழுப்பறையில் ஒரு மட்டிச் சிப்பி கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. வெளிப்பக்கம் வரிவரியாகச் சாம்பல் நிறம், உட்பக்கம் வழவழப்பான வெள்ளை. அந்த வெள்ளையில் மார்க்கர் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கிறது. கறுப்பு மை வெளுத்து ஊதாவாகிவிட்டது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் இப்போது சட்டென்று தெரிகின்றன. புதிதாக வந்திருக்கும் ஆங்கில ஆசிரியை ஒருநாள் சாக்பீஸ் தேடி என் இழுப்பறையைத் திறந்துவிட்டு, "இது என்ன மிஸ், பேப்பர் வெயிட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வயதுக்காரிக்கு, வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், அதற்கு மேல் சொல்லிப் பயமுறுத்துவானேன்.

சிப்பியில் எழுதியவர் எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் கணக்கு சார். நான் தமிழ் ஆசிரியை, அதனால் எனக்குத் தமிழம்மா என்று பெயர். எங்கள் வீடு பழவேற்காட்டில். கப்பல் வியாபாரம் செய்த பரம்பரை என்று அத்தா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். கப்பல் போய்விட்டது, பேச்சு மட்டும் தங்கிவிட்டது. கணக்கு சார் தென்காசிப் பக்கத்துக்காரர். பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கிய முதல் நாள், ஏரியைப் பார்த்துவிட்டு, "இது கடலா டீச்சர்?" என்று கேட்டார். ஏரி என்றேன். "அப்ப கடல் எங்க இருக்கு?" என்றார். அதற்குப் பின்னால் என்றேன். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்திராத மனிதர். குடை, டிபன் பாக்ஸ், சட்டைப்பையில் மூன்று நிறத்தில் மார்க்கர் பேனா என்று ஒழுங்காக வருவார். பிள்ளைகளை அடித்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் போர்டைத் துடைப்பார், அழுக்கில்லாத போர்டையும் துடைப்பார்.

அந்தக் காலத்தில்தான் எங்களுக்குத் தலைகீழ் வகுப்பறை என்ற ஞானம் வந்து சேர்ந்தது. பயிற்சிக்கு வரச்சொல்லி, ஏ.சி. அறையில் உட்கார வைத்து, மதியம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து விளக்கினார்கள். இதுவரை பாடத்தை வகுப்பில் நடத்திவிட்டுப் பயிற்சிக் கணக்கை வீட்டுக்குக் கொடுத்தோம். இனி பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும், பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள், கணக்குப் போடுவதும் சந்தேகம் கேட்பதும் வகுப்பில் நடக்கும். இதைக் கற்றல் சுழற்சி என்று ஒரு வட்டமாக வரைந்து காட்டினார்கள். பார், செய், சோதி, மறுபடி பார் என்று அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். வாரம் ஒரு சுற்று. நான் அந்த வட்டத்தைப் பார்த்தபடியே பாதித் தூக்கத்தில் இருந்தேன். கணக்கு சார் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே, "இதுல விஷயம் இருக்கு டீச்சர். நாம பேசுத நேரத்த வீட்டுக்கு அனுப்பிட்டு, பிள்ளைக பேசுத நேரத்த வகுப்புக்குக் கொண்டுவாரோம்" என்றார். பயிற்சியில் யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஆய்வுக்கூடத்தில் ஒரு அமிலப் பாட்டிலின் மேல் தன் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால்தான் கருவாடு காயும். ஆகவே எல்லா வீடியோவிலும் அவரோடு காக்கைகளும் பாடம் நடத்தும். முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மீதியை வகுப்புல பேசுவோம். வாங்க" என்பார். அந்த 'வாங்க'வில் ஒரு மரியாதை இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைகளை வாங்க என்று கூப்பிட்ட ஆள் அந்தப் பள்ளியில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முதல் சுற்று படுதோல்வி. திங்கட்கிழமை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீடியோவைப் பார்க்கவே இல்லை. அவர் போர்டைத் துடைத்துத் துடைத்துக் களைத்துப் போனபின், முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி எழுந்து, "நைனா போனைத் தூக்கினு பாட்டுக்குப் பூட்டாரு சார், நாங்க இன்னா பண்றது?" என்றாளாம். பாட்டுக்குப் போவதென்றால் என்ன என்று அவர் என்னிடம் வந்து கேட்டார்.

நான் சொன்னேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், தண்ணீர் ஏறி இறங்கும்போது மீனும் இறாலும் நெருக்கமாக ஓடும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். ஆகவே ஊர் வலைக்காரர்கள் குழு குழுவாகப் பிரிந்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமாகி ஊர் வரி கட்டும் ஆணுக்குத் தலைக்கட்டு என்று பெயர், தலைக்கட்டுக்குத்தான் பாடு. பாடு வந்த நாளில் அப்பன் போனைப் பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான். பாடு இல்லாத நாளில் போனும் அவனும் வீட்டில் கிடப்பார்கள்.

கேட்டு முடித்ததும் அவர் எழுந்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பயிற்சி வட்டத்தைக் கழற்றி, அதன் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தார். வாரக் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஏரியின் கணக்குக்குப் பாடத்தை மாற்றினார். எந்தக் குழுவுக்கு இன்று பாடு இல்லையோ, அந்த வீடுகளில் போன் இருக்கும். பாட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள் அந்த வீடுகளில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். மறுநாள் இவர்கள் வீட்டுக்கு அவர்கள் வரட்டும். இன்னொன்றும் செய்தார். வீடியோவை முதலில் அனுப்புவதை நிறுத்தினார். முதலில் பள்ளியில் குச்சி, கயிறு, நிழல் என்று எதையாவது அளக்க விடுவார். குழம்பவும் விடுவார். குழம்பிய பிறகுதான் வீடியோ. "சுத்துல தப்பில்ல டீச்சர். சுத்து எங்க ஆரம்பிக்குதுங்கதுலதான் தப்பு. பசி வரட்டும், பிறகு சோறு போடுவோம்" என்றார். அரைப் பரீட்சைக்குள் அந்த வகுப்பில் சத்தம் கூடியிருந்தது. எனக்குப் பக்கத்து அறை என்பதால் என் இலக்கணப் பாடத்துக்கு மேலே அவர்கள் சண்டை கேட்கும். பொறாமையாகத்தான் இருந்தது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் பள்ளியில் வலைக்காரர் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. ஊருக்கு வெளியே, உப்பு மண் மேட்டில், ஏரியில் கையால் இறாலும் நண்டும் தடவிப் பிடிக்கிறவர்களின் குடிசைகள் இருக்கின்றன. அவர்களுக்கு வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். பாடும் கிடையாது. ஏரியில் எத்தனை தலைமுறை நனைந்தாலும் அவர்கள் தலைக்கட்டு ஆக மாட்டார்கள். போனும் அப்போது அங்கே அநேகமாகக் கிடையாது. அந்தக் குடிசையிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவள் அன்றைக்கு ஒரே ஒருத்தி.

கலங்கரை விளக்கத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கும் பாடம் அது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலையும் கலங்கரை விளக்கத்தின் நிழலையும் கயிறு பிடித்து அளக்க விட்டிருக்கிறார். ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். ஏன் அளவு மாறுகிறது என்று அவர் கேட்க, எல்லோரும் கயிற்றைக் குறை சொன்னார்கள். இவள் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தபடி, "நெழலு முனை வெளுத்துப் போய்க் கெடக்குது சார். எது வரைக்கும் நெழலுனு சொல்றது?" என்று கேட்டாளாம். அன்று மாலை கணக்கு சார் ஆசிரியர் அறையில் உட்காரவே இல்லை. "எம்.எஸ்சி. வரைக்கும் நிழல்கணக்கு போட்டிருக்கேன் டீச்சர். முனை ஏன் வெளுப்பா இருக்குன்னு நான் ஒரு நாளும் குனிஞ்சு பாத்ததில்ல" என்று நடந்துகொண்டே சொன்னார். அந்தக் கேள்விக்காகவே ஒரு வீடியோ எடுத்தார். அதில் பதில் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் சொல்லி, சூரியனைப் பற்றி யோசிக்கச் சொல்லி, மீதியை வகுப்புல பேசுவோம் வாங்க என்று முடித்தார். கேள்வி கேட்டவளுக்கு அதைப் பார்க்க ஒரு போன் இல்லை. அவள் பெயரையும் முறையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

பெற்றோரிடையே அதற்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. எந்த வீட்டுக்கு எந்தப் பிள்ளை போவது என்பதில் சார் வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கிறார் என்று. அவருக்கு உடனே யோசனை வந்துவிட்டது. ஊர் வழக்கம்தான் இருக்கிறதே, சீட்டுக் குலுக்கிவிடலாம். பிள்ளைகளை விட்டு மட்டிச் சிப்பி பொறுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கழுவி, ஒவ்வொரு பெயராக எழுதினார். சத்துணவுக் கூடத்தில் இருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை வாங்கிக்கொண்டார். குலுக்கலை ஊர்க் கொட்டகையில், பாடு எடுக்கிற அதே இடத்தில், பெற்றோர் முன்னால் நடத்தினால் யாரும் பேச முடியாது என்றார். நான் சொன்னேன். அவள் பெயர் இருக்கட்டும் சார், அந்தக் கொட்டகை வேண்டாம், பள்ளி வராந்தாவிலேயே நடத்துங்கள் என்று. "ஏன் டீச்சர், அவங்க வழக்கத்துக்கு நாம மரியாதை கொடுக்கோம். சந்தோஷம்தான படுவாங்க?" என்றார். ஒரு ஊரின் வழக்கத்தைப் பாதி தெரிந்துகொண்டு அதற்கு மரியாதை செய்கிறவரை என்ன சொல்லி நிறுத்துவது? நானும் கூடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். முதலில் நன்றாகத்தான் போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "எங்க வூட்டுப் போன்ல சத்தம் வராது சார், ஊமைப் படந்தான்" என்றாள். ஒரு சின்னக் குழந்தை குடத்தில் கைவிட்டு எடுத்துக் கொடுக்க, சார் பெயரைப் படித்தார். இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு, அந்தப் பிள்ளை அந்த வீட்டுக்கு. பிறகு இவள் பெயரைப் படித்தார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஊர்ப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தன் அம்மாவோடு வெளியே பூவரச மரத்தடியில் நின்றிருந்தாள். பெயர் கேட்டதும் முகம் மலர்ந்து ஒரு அடி முன்னால் வந்தாள். அந்த ஒரு அடி எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஊர்ப் பெரியவர் எழுந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"சார், இது பாடு எடுக்கற எடம். தலைக்கட்டு இருக்கறவனுக்குத்தான் இங்க சீட்டு வுழும். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இந்தக் கொட்டாயில அவங்க பேரு வந்ததில்ல."

"ஐயா, இது வெறும் வீடியோதான."

"உங்களுக்கு வீடியோ. இன்னிக்கி போனுக்குச் சீட்டு வுழுந்துட்ச்சினா, நாளைக்கி இதே சிப்பியக் காட்டி ஏரியில பாடு குடுனு நிப்பாங்க. அன்னிக்கி நீங்க எந்த ஊர்ல இருப்பீங்களோ."

சாரின் கையில் இருந்து சிப்பியை அவரே வாங்கினார். கீழே போடவில்லை, உடைக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "இத நீங்க வச்சிக்கங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். எங்கள் குடும்பத்தின் மேல் அவருக்கு மரியாதை உண்டு. அவ்வளவு மரியாதையாக ஒரு பிள்ளையை வெளியே தள்ளி நான் பார்த்ததில்லை. மரத்தடியில் அவள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

பெரியவர் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி. அவர் அப்படியில்லை. முகத்துவாரம் வருடத்துக்கு வருடம் மணல் மூடிக்கொண்டு வருகிறது, பாடு வலையில் விழும் இறால் குறைந்துகொண்டே போகிறது. கையில் மிஞ்சியிருப்பது அந்த முறை ஒன்றுதான். பயந்தவர்கள் தங்களைவிட இளைத்தவர்களிடம்தான் கெட்டியாக இருப்பார்கள். புரிகிறது. புரிந்துகொண்டதால் எனக்கு எரிச்சல் குறையவில்லை.

கணக்கு சார் மறுபடியும் தன் வட்டத்தைத் திருத்தினார். போன்களைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டார். வளாகத்துக்குள் மாணவர் போனுக்குத் தடை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வீடியோ பார் என்று சொல்கிறவர்களும் போன் கூடாது என்று சொல்கிறவர்களும் ஒரே அலுவலகம்தான். கடைசியில் மதிய இடைவேளையில் தன் போனையே அவளிடம் கொடுத்து, விட்டுப்போன பாடங்களை முதலில் இருந்து வரிசையாகப் பார்க்க வைத்தார். ஆசிரியர் அறை வாசலில், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசைக்கு நேர் எதிரே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள். முகத்தருகே போனைப் பிடித்துக்கொண்டு, அதில் சார் ஏதாவது கேட்டால் வீடியோவுக்கே தலையாட்டுவாள். நிழல் பாடம் இன்னும் வரவில்லை, அது வரிசையில் கடைசி.

அந்தப் பாடம் வரை ஊர் அவளைப் போய்ச் சேர விடவில்லை. சார் அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் போன் கொடுக்கிறார் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 'போன்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'தனியாக' என்பதை மட்டும் சொன்னார்கள். நான் தினமும் எதிரே உட்கார்ந்திருந்தேன் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன், தலைமையாசிரியரிடம் சொன்னேன், விசாரிக்க வந்த அதிகாரியிடமும் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரும் அவர் மேல தப்பு சொல்லலையே மேடம், அவர் நல்லதுக்குத்தான் மாத்தறோம்" என்றார். மாற்றல் உத்தரவில் நிர்வாகக் காரணம் என்று போட்டார்கள். கணக்கு சார் போகிற அன்று ஒழுங்காகப் போர்டைத் துடைத்துவிட்டுப் போனார். மீதிச் சிப்பிகளைப் பிள்ளைகள் யாரோ விளையாட எடுத்துக்கொண்டார்கள்.

அவள் மறுநாளிலிருந்தே பள்ளிக்கு வரவில்லை. நான் உப்பு மேட்டுக்குப் போனேன், ஒரு தடவை அல்ல. அவள் அம்மா நின்றபடியே பேசினாள். "தண்ணில நிக்கறதுக்கே எங்கள வெரட்றாங்கமா. இதுல பேச்சு வேற வாங்க முடியாது. போதும், வுட்ருங்க" என்றாள். பக்கத்தில் மகள் உட்கார்ந்து புதுப் பறி ஒன்றுக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. ஹால் டிக்கெட்டைக்கூட வாங்க வரவில்லை.

அதன் பிறகு எங்கள் பள்ளிக்கு நல்ல காலம் பிறந்தது. ஏரியோரப் பள்ளியில் தலைகீழ் வகுப்பறை என்று படம் பிடித்தார்கள். தலைமையாசிரியர் பேட்டி கொடுத்தார், பாடு முறைக்கு ஏற்பப் பாடத்தை மாற்றியது தன் யோசனை என்று சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. கற்றல் சுழற்சி வட்டத்தை நுழைவுச் சுவரில் எனாமல் பெயின்டில் வரைந்திருக்கிறார்கள், அம்புக்குறிகள் பளபளவென்று இருக்கின்றன. இப்போது பிள்ளைகளிடம் டேப்லெட் கருவி வந்துவிட்டது. வீடியோவை யார் பார்த்தார்கள் என்று அதுவே மேலிடத்துக்குச் சொல்லிவிடும். பிள்ளைகள் அதை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, சோறு சாப்பிடப் போகிறார்கள். எல்லோரும் பார்த்ததாகக் கணக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் யாரும் சண்டை போடுவதில்லை, என் இலக்கணம் தெளிவாகக் கேட்கிறது.

கணக்கு சாரிடம் ஒருமுறை போனில் பேசினேன். வீடியோ எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்ல டீச்சர். போர்டுல எழுதிப் போட்டுருதேன். எழுதிப் போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியுதுல்லா" என்றார். அவளைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்.

போன மாதம் பழவேற்காடு பாலத்தின் ஓரத்தில் நண்டு வாங்க நின்றேன். ஈரச் சேலையைச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றாள். கையெல்லாம் நண்டு கிழித்த தழும்பு. மடியில் பாலித்தீன் பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு போன் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சொந்தப் போனு டீச்சர். நம்ம சாரு வீடியோல்லாம் யூடியூப்புல இன்னும் இருக்குது. காக்கா சத்தத்தோட. நெழலு வீடியோவ இப்பத்தான் பாத்தேன், நான் கேட்டத சாரு சொல்றாரு, ஒரு பொண்ணு கேட்டானு."

"பதிலை அதில் சொல்லியிருக்க மாட்டாரே. நான் சாரிடம் கேட்டுச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம் டீச்சர். அது நானே தேடிப் பாத்துட்டேன். சூரியன் ஒரு புள்ளி இல்லியாம், அகலமாம், அதான் முனை வெளுக்குதாம். அதுக்கில்ல." நண்டின் கால்களை நூலால் கட்டிக்கொண்டே சொன்னாள். "கடைசில வாங்கனு கூப்புட்றாரு டீச்சர். ஒவ்வொரு வாட்டியும் கூப்புட்றாரு. அதான் ஒரு மாதிரியா இருக்குது."

நண்டுப் பையை வாங்கிக்கொண்டு அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன். மறுநாள் பள்ளியில் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்தேன். சிப்பியை எடுத்து முந்தானையால் துடைத்தேன். நடுவில் அழிந்த எழுத்துகளை மறுபடி எழுதிவிடலாம் என்று மார்க்கரைத் திறந்து, இரண்டு எழுத்து எழுதியும் விட்டேன். எழுதி முடித்து இதை எந்தக் குடத்தில் போடப் போகிறேன் என்று தெரியவில்லை. முதல் மணி அடித்தது. சிப்பியை அப்படியே உள்ளே வைத்து மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன்.